ஐந்நூறு டிகிரியில் ஒரு திருட்டு

"திருடு போனது ஒரு மணி," என்றார் ரத்தினபாய். "கண்ணாடி மணி. நீலம். பட்டாணி அளவு. இதுக்குள்ளேருந்து போயிருக்கு."

அவர் காட்டிய இடத்தில் ஒரு சூளை இருந்தது. மைக்ரோவேவை விடச் சற்றுப் பெரியது. மின்சாரத்தில் ஓடுவது.

ஸ்ரீரங்கன் குனிந்து பார்த்தார். துப்பறிவாளர் ஆவதற்கு முன் அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். இருபது வருஷம் எரிந்துபோன கடைகளையே பார்த்ததில் பேச்சு குறைந்துவிட்டது.

அவர் பேசாததையும் சேர்த்துப் பேசுவதற்குக் காந்திமதி இருந்தாள். அவருடைய உதவியாளர். ஆட்டோவும் அவளுடையதுதான். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு வழக்கில் சாட்சியாக வந்தாள். வழக்கு முடிந்தது. அவள் போகவில்லை.

"உள்ள இன்னா சூடு இருக்கும் டீச்சரம்மா?" என்றாள்.

"ஐந்நூறு டிகிரி."

"நம்மூரு மே மாசத்துக்குப் பத்து மடங்கு."

"பன்னிரண்டு," என்று திருத்தினார் ரத்தினபாய்.

முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு மாடியில் மணி செய்கிறார். கண்ணாடிக் குச்சியைத் தீயில் உருக்கிக் கம்பியில் சுற்றினால் மணி. அது பாதி வேலை. செய்த மணிகளைச் சூளையில் அடுக்கி, மறுபடி சூடேற்றி, விடிய விடிய மெல்ல ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் யாரும் தொடாமலே பிளந்துகொள்ளும்.

"அடுக்கும்போது ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. தொட்டா ஒட்டிக்கும்," என்றார் ரத்தினபாய். "நேத்து மத்தியானம் ரெண்டரைக்கு அடுக்கினேன். ஆறு வரிசை. வரிசைக்கு ஒன்பது சின்னது, ஒரு பெருசு. மொத்தம் அறுபது. கதவை மூடி சுவிட்சைப் போட்டுட்டு சர்ச்சுல பெண்கள் சங்கத்துக்குப் போனேன். ஆறு மணிக்கு வந்தேன். சூளை ஓடிட்டு இருந்தது. இன்னிக்குக் காலையில திறந்தா ஐம்பத்தொன்பது."

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன்.

ரத்தினபாய் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுக்காரர் மேல. ஆனா அவரா இருக்க முடியாது."

"ஏன்?"

"ஐந்நூறு டிகிரியில கையை விட்டா கை இருக்காது. காலையில காபி கொடுக்கும்போது பாத்தேன். ரெண்டும் இருக்கு."

காந்திமதி இதைக் குறித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ரத்தினபாயின் மகள் ஜெனிக்கு அன்று மாலை நாலு மணிக்கு நிச்சயம். மாப்பிள்ளை எழில், பீர்க்கன்கரணை. கத்தோலிக்கக் குடும்பம். ஜெனியின் அப்பா சுந்தர்சிங் மூன்று தலைமுறைப் புராட்டஸ்டண்ட். ஜெபமாலை உருட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை; அது இந்த வாசப்படி ஏறாது என்று போன மாதம் சொல்லியிருந்தார். ரத்தினபாய் அதைக் காதில் வாங்காமல், மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தன் கையாலேயே ஜெபமாலை செய்யத் தொடங்கினார். ஜெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அதை அப்பா தன் கையால் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிச்சயம் வேண்டாம்.

"அவர் ஒரு வாரமா ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை," என்றார் ரத்தினபாய். "மணியை அவர் எடுத்திருந்தா அதுதான் பதில். ஜெனி நிறுத்திடுவா. சொன்னதைச் செய்யற பொண்ணு. என்னை மாதிரி. நாலு மணிக்குள்ள யாருன்னு சொல்லுங்க."

மணி பதினொன்றரை.

ஸ்ரீரங்கன் சூளையைத் திறந்தார். மணிகள் காலையில் இருந்தபடியே இருந்தன. தொட வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தார். ஆறு வரிசை இல்லை. தட்டின் இடது ஓரத்தில் ஒரு பெரிய மணி. தள்ளி மூன்று சின்னது. பிறகு ஒரு பெரியது. பத்து சின்னது. ஒரு பெரியது. மறுபடி பத்து. இப்படியே போய் ஒரு பத்தில் முடிந்தது.

"ஒண்ணு, மூணு, ஒண்ணு, பத்து, ஒண்ணு, பத்து," என்று படித்தாள் காந்திமதி. "யாரோ போன் நம்பர் வுட்டுட்டுப் போயிருக்கான் சார்."

"இது எந்த வரிசையிலயும் சேராது," என்றார் ரத்தினபாய். "கூட்டு வரிசை இல்லை, பெருக்கு வரிசை இல்லை. திருடன் கலைச்சுட்டுப் போயிருக்கான்."

ஸ்ரீரங்கன் சுண்டுவிரலை மணிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் அதே இடைவெளி. ஒன்று கூட ஒட்டவில்லை.

"கலைக்கலை. அடுக்கியிருக்கான். சாவகாசமா."

"ஐந்நூறு டிகிரில," என்றாள் காந்திமதி. "பக்கத்துல ஃபேனைப் போட்டுக்கினு."

அவள் தட்டைப் போனில் படம் எடுத்தாள். ரத்தினபாய் விருந்துக்கு வாங்கி வைத்திருந்த ஐஸ்கிரீமில் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தார். காந்திமதி ஒரு வாய் வைத்தாள். முகம் கோணியது.

"இன்னா டீச்சரம்மா இது? நறநறன்னு கீது. ஐஸ்கட்டிக்கு ரோஸ் பவுடர் பூசின மாதிரி."

"முந்தாநாள்தான் வாங்கினேன். நல்ல கடை."

ஸ்ரீரங்கன் ஸ்பூனை வாங்கி ருசி பார்த்தார். கீழே இறங்கி ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தார். உள்ளே எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து உறைந்திருந்தது. டப்பா ஃபிரிட்ஜுக்குள் சாய்ந்து கிடந்த அதே கோணம்.

"நேத்து கரண்ட் போச்சா?"

"இல்லையே. போனாலும் இன்வெர்ட்டர் இருக்கு."

"அதுல ஃபிரிட்ஜ் ஓடுமா?"

"லைட்டும் ஃபேனும்தான்."

"சூளை?"

காந்திமதி எதிரே இருந்த இஸ்திரி வண்டிக்குப் போய்விட்டு இரண்டு நிமிஷத்தில் திரும்பினாள்.

"மரக்கிளை வெட்டுறோம்னு நேத்து ரெண்டே முக்காலுக்குப் புடுங்கினாங்களாம் சார். அஞ்சே காலுக்குத்தான் வந்துச்சாம். ஃபேன் இல்லாம தெருவே வேர்த்து நாறிச்சாம்."

ஆக, சூளை சூடேறத் தொடங்கியதுமே நின்றுவிட்டது. இரண்டரை மணி நேரம் அது வெறும் அலமாரி. கரண்ட் வந்ததும் தானாக விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறது.

ரத்தினபாய் ஐஸ்கிரீம் டப்பாவை மூடினார். "அப்ப கை இருக்கறதால ஒண்ணும் இல்லையா?"

"இல்லை. அந்த நேரம் வீட்டுல யார் இருந்தாங்க?"

"அவர் மட்டும். ஜெனி கேளம்பாக்கத்துல ஆபீஸ்ல இருந்தா." பிறகு நினைவு வந்தது. "சம்பந்தி வந்திருக்கார். எழிலோட அப்பா. நாலு மணிக்கு. மாடி ஹால்ல எத்தனை சேர் போடலாம்னு பாத்துட்டுப் போனாராம்."

ஹாலும் சூளை அறையும் பக்கத்துப் பக்கம்.

கீழே கூடத்தில் சுந்தர்சிங் உட்கார்ந்திருந்தார். ரயில்வே பார்சல் ஆபீசில் ஓய்வுபெற்றவர். மீசை இல்லாத கண்டிப்பான முகம். ஸ்ரீரங்கன் வணக்கம் சொன்னார்.

"மணி கிடைச்சுதா?" என்று கேட்டார் சுந்தர்சிங்.

"இல்லை."

"கிடைக்காட்டி என்ன? ஐம்பத்தொன்பதை வெச்சுக் கோக்கச் சொல்லுங்க."

"டீச்சர் ஒத்துக்கமாட்டாங்க."

"ஒத்துக்கமாட்டா," என்றார் சுந்தர்சிங். அதில் வருத்தம் இருந்தது.

ஆட்டோ வேளச்சேரி சாலையில் தாம்பரம் நோக்கி ஓடியது. மேம்பாலம் ஏறி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தது. பெருங்களத்தூரில் ஊர்ந்தது.

"பார்சல்காரர்தான் சார்," என்றாள் காந்திமதி. "மூஞ்சியப் பாத்தியே. பார்சலைப் பிரிச்சுப் பாத்த மூஞ்சி."

"எடுக்கணும்னா ஒரு பிடி அள்ளியிருக்கலாம். அறுபதையும் எடுத்திருக்கலாம். ஏன் ஒண்ணு?"

"டயட்ல இருப்பாரு."

"எடுத்தவன் ஏன் மிச்சத்தை அடுக்கினான்?"

காந்திமதி ஹாரனை அடித்தாள்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்தெருவில் சவுரிமுத்துவின் வீடு. லாரி ஆபீசில் மேனேஜராக இருந்தவர். கதவைத் திறந்தவரின் மீசையில் கறுப்புச் சாயம் அப்பியிருந்தது. தோளில் பழைய துண்டு. வாயைத் திறந்தால் சாயம் உதட்டில் இறங்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார்.

"இன்னும் பத்து நிமிஷம் சார். அப்புறம் பேசலாமா?"

"நமக்கு டைம் இல்ல அண்ணா. தலையாட்டினா போதும்," என்றாள் காந்திமதி. "நேத்து சம்பந்தி வூட்டு மாடிக்குப் போனியா?"

தலையாட்டினார்.

"சூளையத் திறந்தியா?"

"எது சூளை? அந்த இரும்புப் பொட்டியா? மணி எல்லாம் செஞ்சு அதுல வெச்சு ஆறவிடுவாங்கன்னு எழில் சொன்னான். நான் தொடலை."

"நீங்க அடுக்கறதா இருந்தா எப்படி அடுக்குவீங்க?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன்.

"அடுக்கறது என்ன? டப்பாவோட கொட்டி மூடுவேன்."

ஸ்ரீரங்கன் தலையசைத்தார். சவுரிமுத்துவின் சட்டைப் பையிலிருந்து மரமணி ஜெபமாலை ஒன்று எட்டிப் பார்த்தது. பல வருஷம் விரல் பட்டு வழவழப்பாகியிருந்தது.

"இதுல எத்தனை மணி?"

"ஐம்பத்து மூணு மணி ஜெபம்னு சொல்லுவோம்."

"பெரிய மணியையும் சேர்த்தா?"

சவுரிமுத்து யோசித்தார். சாயம் லேசாக இறங்கியது. "சேர்த்து எண்ணினதில்லையே சார். விரல் பாட்டுக்குப் போகும். சின்ன வயசுலேருந்து சொல்றேன். தூங்கிட்டாலும் விரல் நிக்காது. வீட்டுல சாட்சி இருக்கு."

"தூங்கறதுக்கா, விரலுக்கா?" என்றாள் காந்திமதி.

"ரெண்டுக்கும்."

ஸ்ரீரங்கன் மாலையை வாங்கிச் சிலுவையிலிருந்து எண்ணினார். ஒன்று, மூன்று, ஒன்று, பத்து; சூளைத் தட்டில் பார்த்த அதே வரிசை. சின்னது ஐம்பத்து மூன்று. பெரியது ஆறு. மறுபடி எண்ணினார். ஐம்பத்தொன்பது.

ரத்தினபாய் செய்தது சின்னது ஐம்பத்து நான்கு, பெரியது ஆறு.

"காந்திமதி. திருடு போகலை."

"பின்ன?"

"அதிகமா இருந்ததை எடுத்திருக்கான். டீச்சர் கணக்குல ஒண்ணு கூட."

காந்திமதி ஆட்டோ சாவியைக் கையில் சுற்றினாள். "திருட வந்து திருத்திட்டுப் போயிருக்கான். இந்த மாதிரி திருடன் நம்ம தெருவுக்கு வரமாட்டேங்கிறானே சார். என் வூட்டுல எத்தினி வேல கெடக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்ப இவருதான். ஜெபமாலை தெரிஞ்சவரு. மாடிக்குப் போனவரு."

ஸ்ரீரங்கன் அவள் போனை வாங்கிச் சூளைத் தட்டின் படத்தைச் சவுரிமுத்துவிடம் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுதா?"

சவுரிமுத்து போனை நேராகப் பார்த்தார். பக்கவாட்டில் திருப்பினார். தலைகீழாக்கினார்.

"சேர் போடற பிளானா? முதல் வரிசையில ஏன் ஒரே ஒரு சேரு?"

ஸ்ரீரங்கன் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் அவரே ஆட்டோவில் முதலில் ஏறினார். அவருக்கு அவசரம் வந்தால் மட்டுமே நடப்பது.

"இவர் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்கே அந்தப் படம் புரியலை. அவருக்கு அது விரல்ல இருக்கு. தட்டுல பரப்பினவன் படத்தைப் பாத்துப் படிச்சவன். புதுசா."

"சரி."

"ஒண்ணோட ஒண்ணு தொடாம வெச்சிருக்கான். கண்ணாடியும் தெரியும். டீச்சருக்குக் கண்ணாடி தெரியும், ஜெபமாலை தெரியாது. சவுரிமுத்துவுக்கு ஜெபமாலை தெரியும், கண்ணாடி தெரியாது. ரெண்டும் தெரிஞ்ச ஆள் யாரு?"

காந்திமதி கியரைப் போட்டாள். சானடோரியம் சிக்னல் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்குச் சாதனை.

"வழி தப்பிட்டே," என்றார் ஸ்ரீரங்கன்.

"யோசிச்சுக்கினு ஓட்டினா இப்டித்தான் சார்."

அவள் யூ டர்ன் எடுக்கும்போது அவர் ரத்தினபாய்க்குப் போன் செய்தார்.

"வேற நீல மணி ஏதாவது இருக்கா டீச்சர்? பழையது? நல்லது. அறுபதா வெச்சுக்கோங்க. நான் வந்ததும் கோக்க ஆரம்பிங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்கணும்."

மூன்று இருபதுக்கு மாடி ஹாலில் நான்கு பேர் இருந்தார்கள். ஜெனி நீலப் பட்டுப்புடவையில் ஜன்னலோரம் நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சுந்தர்சிங் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ரத்தினபாய் மேஜையில் மணிகளைப் பரப்பி நூலை எடுத்தார். ஸ்ரீரங்கன் சுவரில் சாய்ந்துகொண்டார். காந்திமதி கடைசியாக வந்து வாசலை அடைத்து நின்றாள்.

"ஒண்ணு," என்று கோத்தார் ரத்தினபாய். "ரெண்டு. மூணு."

சுந்தர்சிங் தொண்டையைச் செருமினார்.

"நாலு. அஞ்சு. ஆறு."

சுந்தர்சிங் காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றினார்.

"ஏழு. எட்டு. ஒன்பது." ரத்தினபாயின் கை பெரிய மணிக்குப் போனது.

"பத்துடி!" நாற்காலி பின்னால் விழுந்தது. "பத்து! ஒன்பது இல்லை, பத்து வரணும்! அதுக்கு முன்னாடி மூணு வரணும்! மொத்தமே ஐம்பத்தொன்பதுதான்!"



சுந்தர்சிங் நாற்காலியைத் தானே நிமிர்த்தி வைத்தார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு நீல மணி.

"கரண்ட் போனப்ப எடுத்தேன்," என்றார். "எடுத்துட்டுச் சரியா இருக்கான்னு ஒருதரம் பரப்பிப் பாத்தேன். திரும்ப ஆறு வரிசையா வைக்கறதுக்குள்ள கரண்ட் வந்துடுச்சு. பயந்து மூடிட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரத்தினபாய்.

"படிச்சேன்."

"எங்கே?"

"நம்ம ஊர் ஏரிக்கரையில. காலையில நடக்கும்போது. போன்ல படம் போட்டுச் சொல்லித் தர்றாங்க."

"ஹெட்செட்ல பிரசங்கம் கேக்கறேன்னீங்களே!"

"கேட்டேன். முதல் நாள்."

ஜெனி ஜன்னலை விட்டு வந்தாள். "எதுக்குப்பா படிச்சீங்க?"

சுந்தர்சிங் கைக்குட்டையை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

"நீ போற வீடு. அங்க என்ன சொல்றாங்கன்னு தெரிய வேண்டாமா? அப்புறம் பாத்தா உங்கம்மா அறுபது செய்யறா. அவங்க மரியாதைக்கு வாங்கிக்குவாங்க. வீட்டுக்குப் போய் எண்ணிப் பாத்துச் சிரிப்பாங்க. உங்கம்மாவைப் பாத்து எவனும் சிரிக்கக்கூடாது."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் ரத்தினபாய்.

"உன்கிட்டயா? கணக்கு தப்புன்னா?"

"நியாயமான பயம்தான்," என்றாள் காந்திமதி வாசலிலிருந்து.

ரத்தினபாய் கோத்த ஒன்பதையும் நூலிலிருந்து உருவினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. எதுலேருந்து?"

"சிலுவை. அப்புறம் பெருசு ஒண்ணு. சின்னது மூணு."

அவர் சொல்லச் சொல்ல ரத்தினபாய் கோத்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாகக் கரும்பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது போல இருந்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் முடிச்சுப் போட்டார்.

ஜெனி மாலையைத் தட்டில் வைத்தாள். "அப்பா. படிச்சது வேற. கொடுக்கறது வேற. நீங்க இன்னும் பதில் சொல்லலை."

கீழே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பேச்சுக் குரல்கள் படியேறின. சுந்தர்சிங் தட்டைப் பார்த்தார்.

சவுரிமுத்து முதலில் வந்தார். மீசை கரிய நிறத்தில் மின்னியது. மேல் உதட்டில் ஒரு கறுப்புக் கோடு மிச்சம் இருந்தது. பின்னால் அவர் மனைவி ஷீலா. அவருக்குப் பின்னால் எழில், வியர்த்து. எல்லோரும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

சுந்தர்சிங் எழுந்தார். தட்டிலிருந்து மாலையை எடுத்தார். ஹாலைக் கடந்து ஷீலாவின் முன்னால் போய் நின்றார். ரத்தினபாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மனைவி செஞ்சது," என்றார் சுந்தர்சிங். நீட்டினார்.

ஷீலா எழுந்து இரண்டு கைகளையும் ஏந்தினார். மாலை கையில் விழுந்தது. ஆனால் சுந்தர்சிங் சிலுவைப் பக்கத்தை விடவில்லை.

"ஒரு நிமிஷம்மா. இங்கேருந்து தொடங்கணும். இது சிலுவை. அடுத்தது பெரிய மணி. இதுல ஒரு ஜெபம். அப்புறம் இந்த மூணு. மூணையும் அவசரப்பட்டு ஓட்டக்கூடாது. இங்க ஒரு பெருசு வருதா, இதுல நிறுத்தணும்."

ஷீலா தலையாட்டினார். எழில் தன் அப்பாவைப் பார்த்தான்.

"இதுலேருந்து பத்து. விரல் வழுக்கிட்டா ஒன்பதோ பதினொண்ணோ ஆயிடும். அதனால..."

"சம்பந்தி," என்றார் சவுரிமுத்து மெதுவாக. "நாங்க இதை அம்பது வருஷமா சொல்லிட்டு வர்றோம்."

"தூங்கிட்டே சொல்லியிருப்பீங்க," என்றார் சுந்தர்சிங். "கவனிங்க. ரெண்டாவது பத்து."

ஜெனி அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு மோதிரப் பெட்டியை எடுக்கப் போனாள்.